தங்கச்சி வீட்டில் பொங்காத பால்

அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் கருவி எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

இத்தாலியின் பலேர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, எங்கள் சிஞ்ஞோராவின் பாட்டனார், நூறு வருஷத்துக்கு முன் இங்கே பால் பரிசோதகராக இருந்தவர். அப்போதெல்லாம் பாலில் தாராளமாகத் தண்ணீர் கலப்பார்களாம். (பால்காரர் உலகமெங்கும் ஒரே ரகம்தான்.) அதனால் சனங்கள் ஆட்டை வாசலுக்கே கூப்பிட்டுக் கண்ணெதிரே கறக்கச் செய்தார்களாம். பாட்டனார் ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிடுவார். தண்ணீர் கலந்திருந்தால் குழாய் கோட்டுக்குக் கீழே அமிழும்; அந்தப் பால் சாக்கடைக்குத்தான். அந்தப் பால்மானியைச் சிஞ்ஞோரா காட்டியதுமே எனக்குள் ஓர் அதிகாரி எழுந்து நின்றார். இரவல் வாங்கிவிட்டேன்.

அந்த வாரம் நகரின் போர்கோ வெக்கியோ பகுதியில் என் தங்கச்சியின் வீடு குடிபூரல். வருஷக்கணக்காக மற்றவர்களோடு அறை பகிர்ந்து இருந்தவளுக்கு முதல் சொந்த வீடு. பால் நன்றாகப் பொங்க வேண்டுமே என்று அவளுக்கு ஒரே பயம்.

"அண்ணை, கடையிலை பெட்டிப் பால் வாங்கினால் காணும்," என்றாள்.

"பெட்டிப் பாலோ? நீ பேசாமல் இரு. சுத்தமான பசுப்பால் நான் கொண்டு வாறன்!"

விடியவே பஸ் ஏறி, ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனேன். பால்மானி கோட்டுக்கு மேலேயே கம்பீரமாக மிதந்தது. துளி தண்ணீர் இல்லை! ஆகஸ்ட் வெயிலில், நெரிசலில் நின்று நின்று வந்த பஸ்ஸில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு ராசா மாதிரித் திரும்பினேன்.

பானை அடுப்பில் ஏறியது. பாலின் சுத்தத்தைப் பற்றி நான் வந்தவர்களுக்கு விரிவுரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே அது திரைந்து கட்டி கட்டியாகப் போய்விட்டது. தங்கச்சியின் புருஷன் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், தண்ணியே இல்லை எண்டீர். பானை முழுக்கத் தண்ணிதானே நிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி அழுதாள். ஐயோ, அந்த முகத்தைப் பார்க்க எனக்கு உயிரே போய்விட்டது. மச்சான் ஓடிப்போய்ப் பெட்டிப் பால் வாங்கி வந்தார். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது, என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

நடந்ததைக் கேட்ட சிஞ்ஞோரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அது தண்ணீரை மட்டும்தான் காட்டும். பால் கெட்டுவிட்டதா என்று பார்க்கத் தாத்தா ஒரு கரண்டிப் பாலைக் காய்ச்சிப் பார்ப்பார்."

நானும் அதே சோதனையைத்தான் செய்திருக்கிறேன். என்ன, ஊரைக் கூட்டிப் பானை நிறையச் செய்துவிட்டேன்.

இன்றைக்கும் பலேர்மோவில் எந்தத் தமிழர் வீட்டுக் குடிபூரலுக்குப் போனாலும், என் பையைத் திறந்து பரிசோதித்த பிறகுதான் என்னை உள்ளே விடுகிறார்கள்.