தங்கக் கழுகு உடுப்பு

உக்காருங்க, உக்காருங்க. அந்த மூலைல யாரு இன்னும் தொணதொணன்னு? வாயை மூடுங்க. ஒரு மனுஷன் தன் மானம் போன கதையைச் சொல்ல வர்றான், அதுக்காவது மரியாதை குடுங்க. சிரிக்கறதா இருந்தா கடைசில மொத்தமா சிரிச்சுக்கோங்க.

நான் லிஃப்ட் மெக்கானிக். பொழப்பே ஏத்தமும் இறக்கமும்தான். வீட்ல இறக்கம் மட்டும். வீட்டம்மா தையல்காரி. முன் ரூம்ல மிஷின். டகடகடகன்னு அது ஓடினா என் பேச்சு யாருக்கும் கேக்காது. நின்னா அவ பேச்சு தெருவுக்கே கேக்கும். பக்கத்துல எங்க அத்தை, அதாவது அவளைப் பெத்தவங்க, கொக்கி தைச்சிக்கிட்டு இருப்பாங்க. கல்யாணமாகி பதினோரு வருஷத்துல, இந்தக் கதை நடக்கற வரைக்கும், என்கிட்ட அவங்க பேசினது மொத்தம் நாலு வார்த்தை. அதுல ரெண்டு "ம்".

இப்படிப்பட்டவனை உலகத்துல ஒரே ஒரு இடத்துல "தலைவரே"ன்னு கூப்பிடுவாங்க. ஃபோன்ல ஒரு துப்பாக்கி கேம். எங்க லிஃப்ட் ஆளுங்க அஞ்சு பேர் ஒரு டீம். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடி, தாவி, சுட்டு, செத்து, முடிஞ்சிரும். அங்க நான் "நில்லு"ன்னா நாலு பேர் நிப்பானுங்க. ரவுண்டுல செத்தவன் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டு வெச்சிருக்கேன். வீட்ல நான் சொன்னா ஃபேன்கூட நிக்காது.

அதுக்கும் வந்துது ஆபத்து. ஞாயித்துக்கிழமை எஸ்கலேட்டர்க்காரங்களோட மேட்ச். தோத்தா தலைவரையே மாத்தறதுன்னு என் ஆளுங்களே முடிவு பண்ணிட்டானுங்க. விடுவேனா? மூணு மாசமா சேத்த பாயிண்ட்டை மொத்தமா கொட்டி ஒரு உடுப்பு எடுத்தேன். தங்கக் கழுகு! முதுகுல ரெக்கை. தோள்ல தீப்பொறி. நடந்தா தரையெல்லாம் தங்கத் தூள். எதிரியைப் பாத்தா தானா கத்தும்: "க்ர்ர்ரீஈஈச்!" போட்டா பலம் கூடுமா? கூடாது. குண்டு பாயாதா? சுகமா பாயும். அழகுக்கு மட்டும்தான். ஆனா தலைவன்னா ஒரு தோரணை வேணாமா?

ஒரே ஒரு சிக்கல். அந்த கேமையே அழிச்சிட்டேன்னு வீட்டம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்.

அதனால ஞாயித்துக்கிழமை மதியம் வயித்தைப் பிடிச்சேன். "ஐயோ... அம்மாடி..." பாத்ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் தொறந்து விட்டேன். நாலு ரவுண்டு யார் முதல்ல ஜெயிக்கறாங்களோ, அவங்களுக்கு மேட்ச்.

முதல் ரவுண்டு. இருட்டுக் கிடங்கு. எல்லாரும் சுவரோட சுவரா பதுங்கறானுங்க. நான் மட்டும் நகைக்கடை போர்டு மாதிரி ஜொலிக்கறேன். டுமீல்! ரெண்டாவது ரவுண்டு, மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். நான் ஒளிஞ்சேன், ரெக்கை ஒளியலை. டுமீல்! அதோட விட்டானுங்களா? நான் சிந்தின தங்கத் தூளைப் பிடிச்சுக்கிட்டே போய் மத்த நாலு பேரையும் போட்டுத் தள்ளிட்டானுங்க. மூணாவது ரவுண்டு, படிக்கட்டுக்கு அடில மூச்சுகூட விடலை. எதிரி கடந்து போறான். போயிட்டான்... "க்ர்ர்ரீஈஈச்!" டுமீல். மூணு ரவுண்டும் போச்சு.

வெளிய மிஷின் நின்னுது.

"என்னங்க?"

"ம்ம்?"

"உள்ள என்ன சத்தம்?"

"வயிறும்மா."

"க்ரீச்னா? காலைல தின்ன முட்டை அதுக்குள்ள குஞ்சு பொரிச்சு பறக்குதா?"

"இல்லம்மா, குழாய்..."

"குழாய் 'பின்னாடி பாருங்க தலைவரே'ன்னு அலறுமா? தொறங்க கதவை!"

தொறந்தேன். ஃபோனைப் பாத்தா. என்னைப் பாத்தா. மறுபடி ஃபோனைப் பாத்தா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், இடி விழட்டும்னு.

"இதை யாரு தைச்சது?"

"தைக்கறது இல்லம்மா, கேம்ல..."

"தோள் தூக்கிக்கிட்டு நிக்குது. கையைத் தூக்கினா அக்குள் கிழியும். ஒளிஞ்சு சண்டை போடறவனுக்கு ஜரிகை வெச்சிருக்கான் பாரு, கூறுகெட்டவன்! இதனாலதான் சாகறீங்க. குடுங்க இப்படி, ஆல்ட்டர் பண்ணித் தரேன். ரெண்டு நிமிஷம்."

திட்டலையே! ஆஹா, இவளை மடக்கிட்டோம்டான்னு உள்ளுக்குள்ள ஒரு குதி குதிச்சேன். ஃபோனை நானே குடுத்தேங்க. நானே! இந்தக் கையால!

முன் ரூம்ல ஸ்டூல்ல உக்காந்தா. கழுகைக் கழட்டினா. ஆரம்பத்துல சும்மா குடுத்த மண் கலர் சட்டையை மாட்டினா.

"ஐயையோ! தலைவன் மண் கலர்லயா?"

"சும்மா இருங்க, ஆரம்பிச்சிருச்சு."

ஊசிக் கண்ணுல ஒரே குத்துல நூல் கோக்கற கண்ணுங்க அது. டுப். ஒருத்தன் காலி. டுப், டுப். எஸ்கலேட்டர்க்காரன் எவனுக்கும் குண்டு எங்கிருந்து வருதுன்னே தெரியலை. மூணுக்கு ஒண்ணு. மூணுக்கு ரெண்டு. மூணுக்கு மூணு.

"இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அழிச்சிட்டேன்னு சத்தியம் பண்ணீங்கல்ல? அன்னிலேர்ந்து நீங்க குளிக்கப் போறப்பல்லாம் நான்தான் ஆடறேன். கழுகு வாங்கின பாயிண்ட்ல பாதி என்னுது."

டுப். மேட்ச் முடிஞ்சுது. நாலுக்கு மூணு. நாங்க ஜெயிச்சிட்டோம். நாங்கன்னா, நான் இல்லாத நாங்க.

ஃபோன்ல எங்க டீம் பொடியன், பேரு பொடியன்தான், வயசு அம்பத்தி நாலு, தழுதழுத்தான்: "அக்கா! இனிமே நீங்கதான்க்கா தலைவி. அவரை மட்டும் அனுப்பிடாதீங்க."

"சரி தம்பி. அவர் கொக்கி தைப்பாரு."

எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம்! ஃபோன்கிட்ட எட்டி வாயை வெச்சுக் கத்தினேன். "டேய்! நான்தான்டா தலைவன்! என்னைக் கேக்காம எவன்டா முடிவு பண்றது? நான் சொல்றதைக் கேளுங்கடா!"

அத்தை நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாங்க. தலையைக்கூட தூக்கலை.

"செத்தவங்க பேசக் கூடாது, மாப்பிள்ளை."