மேல் பலகையில் நாய்

முடிவு பண்ணிவிட்டேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், மேல் பலகையில் நான் உட்கார்ந்திருப்பேன். இல்லையென்றால் என் பெயர் தௌனோ இல்லை.

இதற்கெல்லாமா சபதம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இந்தத் தம்பெரே ஊரில் சனிக்கிழமை சவுனாவுக்குள் போய் வேர்க்க விறுவிறுக்க உட்காருவதற்கு எவனாவது சபதம் எடுப்பானா? அடுப்பைப் போட்டுக் கல்லைச் சூடாக்குவான், கதவைத் திறப்பான், போய் உட்காருவான். கல்யாணமான நாளிலிருந்து நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். இப்போது கதவைத் திறந்தால் மேல் பலகையில் ஒரு நாய் படுத்திருக்கிறது. உயிருள்ள நாயாக இருந்தாலாவது "தள்ளிப் படு" என்று அதட்டலாம். இது வெறும் எலும்பு. மூக்கிலிருந்து வால் நுனி வரை வரிசையாக அடுக்கியிருக்கிறது. கீழ்ப் பலகையில் ஒரு பூனை.

எல்லாம் என் மனைவி ராய்லியின் வேலை. துணிக்கடை உத்தியோகத்தை விட்டுவிட்டு, மிருக ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேருவதற்குப் படிக்கிறாள். ஐம்பது வயதில் படிப்பு! வேண்டாம் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

"என்னம்மா இது?" என்றேன் முதல் நாள்.

"நாய்ப்பா."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"வேற எங்க வைக்கிறது? சாப்பாட்டு மேஜையில வைக்கட்டுமா? உன் கட்டில்ல வைக்கட்டுமா?"

"அப்ப நான் எங்க குளிக்கிறது?"

"ஷவர் இருக்கே. தண்ணி வரலையா?"

ஷவராம்! சனிக்கிழமை சாயங்காலம் ஷவராம்!

"ஒரு மணி நேரம் இதையெல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டு அடுப்பைப் போடறேனே?"

"தொட்டுப் பாரு! பள்ளிக்கூடத்து சொத்து அது, பெட்டியோட குடுத்திருக்காங்க. ஒரு எலும்பு தொலைஞ்சாலும் மொத்தத்தையும் திருப்பிக் கேட்பாங்க."

அப்படியா சங்கதி! தனியாகப் போய் உட்கார்ந்து, என் உடம்பைத் தடவித் தடவி, அந்த நாயோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விலா எலும்பு இருந்தது. முதுகெலும்பு இருந்தது. கழுத்துக்குக் கீழே எனக்கு இரண்டு பக்கமும் கம்பி மாதிரி ஓடுகிற காறை எலும்பு மட்டும் நாய்க்கு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை சந்தோஷத்தில்.

"ராய்லி! காறை எலும்பைத் தொலைச்சிட்டே! ரெண்டையும் தொலைச்சிட்டே! பெட்டியோட திருப்பிக் குடுத்துடு!"

அவள் பேனாவைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நாய்க்கு அந்த எலும்பே கிடையாதுப்பா. பூனைக்கு உண்டு. தீக்குச்சி கணக்கா, எதிலயும் ஒட்டாம, சதைக்குள்ள சும்மா கிடக்கும். வீட்ல சில பேர் இருக்கிற மாதிரி."

இந்தப் பேச்சு எனக்குத் தேவையா? கோபத்தில் பந்தயம் கட்டினேன்.

"அவ்வளவு தெரியும்னா கண்ணைக் கட்டிட்டுச் சொல்லு பார்க்கலாம். நான் குடுக்கிற எலும்பு ஒண்ணே ஒண்ணு தப்பாச் சொன்னாலும் எல்லாம் அன்னிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகணும்."

"சரி. நான் ஜெயிச்சா, பரீட்சை முடியற வரைக்கும் சவுனா என் இஷ்டம். நீ வாயே திறக்கக் கூடாது."

"சரி" என்றேன். நேர்மையாகப் பந்தயம் ஆடுகிறவன் நேர்மையான வீட்டில் இருக்கவேண்டும். என் வீட்டில் மேல் பலகையில் நாய் படுத்திருக்கிறது. அதனால் நேரே பக்கத்து வீட்டு ஒஸ்மோவிடம் போனேன். வேட்டைக்காரன். அவன் வீட்டு ஐஸ்பெட்டியில் எப்போதும் முயல் இருக்கும்.

"முயல் தொடை எலும்பு ஒண்ணு வேணும்."

"எதுக்குடா?"

"பொண்டாட்டியை ஜெயிக்க."

ஒஸ்மோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "எலும்பு மட்டும் தனியா இல்ல. சதையோடதான் இருக்கு. உட்காரு, சாப்பிட்டுட்டு எடுத்துட்டுப் போ."

சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. எலும்பைத் தேய்த்துக் கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உரித்த முயலும் உரித்த பூனையும் ஒன்றுபோல இருக்கும் என்று ஒஸ்மோ சத்தியம் பண்ணிச் சொன்னான்.

மறுநாள் ராய்லி கம்பளித் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சவுனா வாசலில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

"நாய். முன்னங்கால், இடது. இது பூனை, இடுப்பு. இது நாய்க் கழுத்து, மேலேருந்து ரெண்டாவது. வேகமாக் குடுப்பா, தூக்கம் வருது."

திமிரைப் பாருங்கள்! முயல் எலும்பை எடுத்து நீட்டினேன். விரல்கள் அதன்மேல் ஓடின. நின்றன. திரும்ப ஓடின. என் மனம் அடுப்பைப் போட்டு, கல்லின்மேல் தண்ணீரும் ஊற்றிவிட்டது.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்மா. அதுல அவமானம் ஒண்ணும் இல்ல."

"தொடை எலும்பு."

"எதோட தொடை?"

"பூனைக்கு இங்க பக்கவாட்டுல இந்த மூணாவது புடைப்பு இருக்காது. இது முயல்." மூக்கருகே கொண்டுபோனாள். "க்ரீம் விட்டுக் கொதிக்க வச்ச முயல். ஒஸ்மோ வீட்டு முயல். மூக்கு முட்டத் தின்னியே, எனக்கு ஒரு துண்டு கொண்டுவரணும்னு தோணலையா?"

தலை கவிழ்ந்தேன். ஆனால் அவள் கோபப்படவில்லை. கண்கட்டை அவிழ்த்துவிட்டு அந்த எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கேள்விப்பா. எங்க டீச்சருக்கே தோணாத கேள்வி." வெட்கமில்லாமல் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவளே வந்து சொன்னாள்: "தௌனோ, இன்னிக்கு எலும்பையெல்லாம் எடுத்து வச்சிட்டு அடுப்பைப் போட்டுடு."

காதில் தேன் பாய்ந்தது. இவளைப் போயா திட்டினோம் என்று கண் கலங்கியது. நாயைத் துணியில் தூக்கிச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுபோனேன். பூனையையும் கொண்டுபோனேன். பலகையைத் தேய்த்துக் கழுவினேன். அடுப்பைப் போட்டேன், வாளியில் தண்ணீர் வைத்தேன், முதுகில் தட்டிக்கொள்ள பிர்ச் மரத் தழைக் கொத்தை நனைத்தேன், இறைச்சி சாசேஜை அலுமினியத் தாளில் சுற்றிக் கல்மேல் வைத்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். வாசல் மணி அடித்தது.

ராய்லியோடு படிக்கிறவர்கள். கூட்டமாக. எல்லாரும் பெண்கள். எல்லார் கையிலும் துண்டு.

"நீங்கதானா அந்த எலும்புக் கேள்விக்காரர்?" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மேஜையைச் சுற்றி நின்று கண்ணைக் கட்டிக்கொண்டு என் முயல் எலும்பைத் தடவினார்கள். அத்தனை பேரும் பூனை என்றார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்புறம் அத்தனை பேரும் சவுனாவுக்குள் போனார்கள்.

"ராய்லி... நான்?"

"பொம்பளைங்க முறைப்பா. உள்ள வந்து என்ன பண்ணப் போற?"

"அப்ப ஆம்பளைங்க முறை எப்..."

அவள் உதட்டில் விரலை வைத்தாள். பந்தயம்.

வாயை மூடிக்கொண்டேன். உள்ளே கல்லில் தண்ணீர் சீறுகிற சத்தம், சிரிப்பு, என் தழைக் கொத்தால் யாரோ முதுகில் அடித்துக்கொள்கிற சத்தம். நான் கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு சமையலறையில் எலும்புக்குக் காவல் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஆவிக்குள்ளிருந்து ராய்லியின் சிவந்த முகம் மட்டும் எட்டிப் பார்த்தது.

"தௌனோ, சாசேஜ் பிரமாதம், ஒண்ணு மிச்சம் வைக்கல. நாங்க வெளிய வந்ததும் அடுப்பை அணைச்சிட்டு, ஆறினதும் நாயை எடுத்துப் படுக்க வச்சிரு. பலகையை முதல்ல நல்லாத் துடைப்பா, ஈரம் அதுக்கு ஆகாது."