மோட்டார் எரிந்துவிட்டது

வாசகரே, நம் ஊரில் ஓர் இனம் உண்டு. அவர்கள் எதையும் உடைப்பதில்லை, அதுவாக உடைந்துவிடும். சாவி தொலைந்துவிடும், கதவு திறந்துகொள்ளும், கார் பக்கத்து ஸ்கூட்டரில் லேசாகப் பட்டுவிடும். அதே ஸ்கூட்டர் இவர்கள் காரில் பட்டால்? "எதிர்வீட்டு ராகேஷ் வந்து இடிச்சுட்டான்." பெயர், முகவரி, எல்லாம் வரும்.

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் ஸ்ரீவத்சன் இந்த இனத்தில் முதல் தரம். போன மாதம் ஒரு காலை தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர், லஸ் முனையில் காபி, காபிக்கு மேல் அரட்டை, அரட்டைக்கு மேல் இன்னொரு காபி என்று திரும்புவதற்குள் கீழ்த்தொட்டி வற்றி, மோட்டார் வெறுமனே ஓடிக் கருகியது. இரண்டு நாள் குழாயில் காற்றுதான்.

வாட்ஸாப்பில் அறிவிப்பு வந்தது: "மோட்டார் எரிந்துவிட்டது. இசக்கியம்மாள் கவனிக்கவில்லை."

முதல் வாக்கியத்தில் ஆளே இல்லை. இரண்டாவதில் ஆள் மாட்டிக்கொண்டாள். இசக்கியம்மாள் எங்கள் மாடிப்படி, வாசல் பெருக்குபவர். மோட்டாருக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று செயலாளர் சொன்னதும் ஏழு பேர் தலையாட்டினார்கள். அதில் ஒரு தலை என்னுடையது.

இரண்டாம் மாடி ஜோதிலட்சுமி, பள்ளியில் தமிழ் ஆசிரியை, மெதுவாகக் கேட்டார்:

"மோட்டாரைப் போட்டது யாரு சார்?"

"காலையில போட்டிருந்தது."

"அதுவா போட்டுக்குமா?"

"போடப்பட்டதும்மா."

"யாரால?"

ஸ்ரீவத்சன் மின்விசிறியைப் பார்த்தார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற இசக்கியம்மாள்தான் பதில் சொன்னார்: "மோட்டார் ரூம் சாவி சார்கிட்டதானே கீது."

ஆடிய தலைகள் நின்றன. செயலாளர் கூட்டக் குறிப்பில் 'சிறு தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினார். ஜோதிலட்சுமி அதை அடித்து, 'நான் தவறு செய்தேன்' என்று எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட ஸ்ரீவத்சனுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. போட்டார். இசக்கியம்மாளின் வேலை தப்பியது.

மறுநாள் முதல் ஒரு வாரம் எல்லா வாசல்களும் பளிச்சென்று இருந்தன, ஸ்ரீவத்சன் வாசல் தவிர. ஏன் என்று கேட்டாராம்.

"விட்டுப்போச்சு சார்," என்றார் இசக்கியம்மாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் பால் பொங்கிவிட்டதே, அப்போது அடுப்பு முன்னால் கையில் போனோடு நின்றது யார்?