ஜெனரலுக்கு நான் பிடித்துக் கொடுத்த தெரு

என்னை நம்பி ஒரு தெருவையே ஒப்படைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அதுவரை அவர் எந்தப் போரிலும் தோற்றதில்லை.

அறுபதுகளில் திருச்சி கண்டோன்மென்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஜெனரல் அவர். ஸ்ரீரங்கத்தில் சட்டசபைக்குச் சுயேச்சையாக நின்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை இல்லை, கவிதை இருந்தது. (இரண்டும் ஒரே வியாதிதான் என்பார் அப்பா.) அவர் மார்பில் வரிசையாகத் தொங்கிய பதக்கங்களைப் பார்த்ததும் காவிரியில் காலை வெயில் விழுந்ததுபோல் எனக்குள் என்னவோ மினுங்கிவிட்டது. எல்லையைக் காத்தவருக்கு ஒரு தொகுதியைக் காக்கத் தெரியாதா? நோட்டீஸ் முழுக்க இதையே எழுதித் தள்ளினேன்.

அக்காவின் கணவர், பொன்மலை ரயில்வே ஆபீஸ் அத்திம்பேர், நோட்டீஸைப் படித்துவிட்டுப் பொடி டப்பாவைத் தட்டினார்.

"பட்டாளத்துல உத்தரவு போட்டா யாரும் எதிர்க்கேள்வி கேக்கமாட்டா. இங்கே குழாயடியில எதிர்க்கேள்வியைத் தவிர வேறென்னடா இருக்கு? அவர் என்ன பண்ணுவார்?"

ரோஷம் வந்துவிட்டது. நேரே ஜெனரலிடம் போய், கீழ உத்தர வீதி என் அக்கா தெரு, அத்தனை ஓட்டும் நமக்கே என்று வாக்குக் கொடுத்தேன். அக்காவும், பாவம், வீடு வீடாகப் போய், தம்பி ஒரு நல்ல மனுஷரை அழைத்துவருகிறான் என்று சொல்லி வைத்தாள்.

காலை ஆறரைக்கு அணிவகுப்பு. பின்னால் பன்னிரண்டு மாஜி சிப்பாய்கள், நடுவில் ஜெனரல், முன்னால் நான். கையில் கவிதை, கண் வானத்தில்.

மார்கழிக் காலையில் ஸ்ரீரங்கத்துத் தெருவில் என்ன இருக்கும் என்று தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சமயம் நான் கவிதையின் மூன்றாவது அடியில் இருந்தேன். வாசலுக்கு வாசல் பாதித் தெருவை அடைத்துக் கோலங்கள், சாணி உருண்டையில் பூசணிப்பூ. அவற்றின்மேல் லெஃப்ட், ரைட்.

யாரோ ஐயோ என்றார்கள். ஜெனரல் குனிந்து பார்த்தார். பூட்ஸில் ஒரு பூசணிப்பூ ஒட்டியிருந்தது. முப்பது வருஷ அனுபவம் உடனே கைகொடுத்தது.

"அபவுட் டர்ன்."

படை திரும்பியது. சாலை விதிப்படி போகும்போது இடப்பக்கம், வரும்போதும் இடப்பக்கம். அதாவது, முதலில் தப்பித்திருந்த எதிர்வரிசை.

வாசல்களில் பெண்கள் நின்றார்கள். ஒருவரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அக்காதான் இறங்கி வந்தாள்.

"தெரியாம மிதிச்சது போகட்டும் ஸார். திரும்பி வந்து மிதிச்சேளே, அது உத்தரவு போட்டுத்தானே?"

ஜெனரல் தொப்பியைக் கழற்றினார். "தப்புதாம்மா. வழி எதுன்னு முதல்ல உங்களைக் கேட்டிருக்கணும்" என்றார்.

அத்திம்பேர் அன்று சாயங்காலம் சொன்னார்: "பதக்கத்தை விட்டுட்டு அந்த ஒரு வார்த்தையை நோட்டீஸ்ல போட்டிருந்தா நானே ஓட்டுப் போட்டிருப்பேன்."

போடவில்லை. தெருவும் போடவில்லை. அக்கா யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை மூச்சு விடவில்லை.

எனக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. மார்கழியில் நான் வருகிறேன் என்று தெரிந்தால் அக்கா கோலத்தின் ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு வெறும் தரை விட்டு, பக்கத்தில் கோலமாவாலேயே 'தம்பி வழி' என்று எழுதி அம்புக்குறி போடுகிறாள். போக ஒன்று. திரும்பி வர எதிர்ப்பக்கம் ஒன்று.