மேனேஜர் இளைத்த வரலாறு

ஒரு சமுதாயத்தின் நாகரிகத்தை அளக்கச் சாலைகள், பாலங்கள், நூலகங்கள் என்று ஆளுக்கொரு அளவுகோல் சொல்வார்கள். எங்கள் சங்கம் தோன்றிய பிறகு அவை அனைத்தும் காலாவதியாகிவிட்டன. ஒரு சமுதாயம் தன் பூனைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது ஒன்றே இனி அளவுகோல். நாங்கள் பார்த்துக்கொண்டோம். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறேன்.

அது கஷ்ட காலம். தொழிற்சாலைகள் அரை நாள் ஓடின. சில அதுவும் ஓடவில்லை. வேலை போனவர்கள் டிவியை விற்றார்கள், கட்டிலை விற்றார்கள். விற்க முடியாத பூனையை மட்டும் நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பின்னாலேயே வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீடு வந்தார்கள். இந்தக் கொடுமையைத் தடுக்கவே சங்கம். 'எந்தப் பூனையும் தன் வீட்டைவிட்டுப் போகக் கூடாது' என்பது எங்கள் குறிக்கோள். நல்ல உள்ளங்கள் பூனைத் தீவனத்தை மூட்டை மூட்டையாக அனுப்பின. அவற்றை அலுவலகத்தின் பின்னறையில் அடுக்கிப் பூட்டு போட்டோம்.

பூட்டிய பிறகு யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர். ஆழம் பார்க்காமல் எதிலும் இறங்க மாட்டார்.

"நேர்ல போய்ப் பாக்காம கொடுத்தா அதுக்குப் பேரு தானம்," என்றார். "பாத்துட்டுக் கொடுத்தா அது சேவை."

"பாத்துக்கிட்டே இருந்தா?" என்று கேட்டார் பொருளாளர். அவர் செருப்புக்கடை வைத்திருப்பவர்.

தலைவர் வெகுநேரம் பேசவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. சங்கத்தின் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படிப்பட்ட மௌனங்களில் பிறந்தவைதாம்.

"அதான் திட்டம்," என்றார் கடைசியில்.

இவ்வாறு உதயமானது 'இல்ல வருகைத் திட்டம்'.

முதல் இல்லம், குடைத் தொழிற்சாலையில் கைப்பிடி பொருத்தும் ஒரு அம்மாளுடையது. தொழிற்சாலை அரை நாளாகச் சுருங்கியதில் அவர் வாழ்க்கையும் சுருங்கியிருந்தது. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி. அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை. சங்கமே திரண்டு வந்தும் அது எழுந்திருக்கவில்லை.

"இவருதான் மேனேஜர்," என்றார் அம்மாள். "ஒரு வேலையும் செய்யமாட்டாரு. நாற்காலிய மட்டும் விடமாட்டாரு."

"யாரும்மா வச்ச பேரு?"

"என் தங்கச்சி. பஸ் ஓட்டறா. அவ டிப்போ மேனேஜர் ஞாபகமா வச்சது." சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். "இருங்க, டீ போடறேன்."

வேண்டாம் என்றோம். அந்த வேண்டாமுக்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ளும் பண்பு அம்மாளுக்கு இருந்தது. சிறு பாத்திரத்தில் கொஞ்சம் பால் வைத்திருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதன் முன்னால் சற்று நேரம் நின்றார். பிறகு முழுவதையும் டீயில் ஊற்றினார். பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரை மேனேஜரின் கிண்ணத்தில் வைத்தார். மேனேஜர் இறங்கி வந்து, முகர்ந்து பார்த்து, எங்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தது.

டீ அபாரம். பாலும் டிகாக்‌ஷனும் அப்படிக் கூடிவருவது அபூர்வம். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். 'பூனைக்குத் திரவ உணவு தாராளமாகக் கிடைக்கிறது' என்பது எங்கள் முதல் அறிக்கை.

எல்லா இல்லங்களும் இப்படி இல்லை. ஒற்றைக் காதுப் பூனை வளர்க்கும் ஒரு முடிதிருத்துபவர், ஆளுக்கொரு டம்ளர் பச்சைத் தண்ணீர் கொடுத்து, "வேற என்ன சமாச்சாரம்?" என்று கேட்டார். 'ஒத்துழைப்பு போதாது' என்று அவரைத் திட்டத்திலிருந்து நீக்கினோம். மிச்சமான நேரத்தை அம்மாள் வீட்டுக்கு ஒதுக்கினோம்.

எங்கள் வருகை பெருகப் பெருக மேனேஜர் இளைக்கத் தொடங்கியது. விலா எலும்பு தெரிந்தது. நாற்காலியில் அது உட்கார்ந்தது போக இடம் மிச்சமிருந்தது. நாங்கள் பதறிப்போனோம். பதறியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம்: இன்னும் அடிக்கடி போனோம். ஒரு நிபுணரையும் கூட்டிப்போனோம். அவர் பல் டாக்டர். பூனைக்கும் பல் உண்டு.

"என்னம்மா கொடுக்கறீங்க இதுக்கு?"

"ரொட்டியும் பாலும்தான் டாக்டர். பால்தான் இப்ப..." அம்மாள் நிறுத்திக்கொண்டார்.

"பாலை மட்டும் நிறுத்திடாதீங்க. அதோட தெம்பே அதுலதான் இருக்கு," என்று சொல்லி டாக்டர் இரண்டாவது டம்ளரைக் கையில் எடுத்தார்.

அம்மாள் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டம்ளரைப் பார்த்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

சீருடையோடு வாசலில் சாய்ந்து நின்றிருந்த தங்கை கேட்டாள்: "அக்கா, இவங்க பூனைய எடை போட வர்றாங்களா, பாலையா?"

"சும்மா இருடி. பெரியவங்க வந்திருக்காங்க."

"அது தெரியுது. வர வர பெரிசாயிட்டேதான் போறாங்க."

இந்த அனுபவமின்மையை நாங்கள் மன்னித்தோம்.

இதற்கிடையில் பின்னறையில் எலிகள் புகுந்துவிட்டன. தீவன மூட்டைகளின் அடிப்பக்கம் ஓட்டை. ராத்திரி காவலாளி அங்கே விருந்து நடப்பதுபோல் சத்தம் கேட்கிறது என்றார்.

"எலி திங்கறதுக்கு முன்னாடி எடுத்துக் கொடுத்துடலாமே," என்றார் பொருளாளர். அவருக்குச் சில சமயம் இப்படி ஆகும்.

"பார்வையிடறது இன்னும் முடியலையே," என்றார் தலைவர். பிறகு மௌனம். பிறகு, "ஆபீசுக்கு ஒரு பூனை வேணும். அந்தம்மா வீட்ல ஒரு பூனை இளைச்சுக்கிட்டே போகுது. ரெண்டையும் சேத்துப் பாருங்க. மேனேஜர இங்க கொண்டாந்துடலாம். 'தற்காலிகப் பாதுகாப்பு'."

"எந்தப் பூனையும் வீட்டைவிட்டுப் போகக் கூடாதுங்கறதுதானே நம்ம குறிக்கோள்?"

"அது போகல. நாம தூக்கிட்டு வர்றோம். அது வேற."

முடிவைத் தெரிவித்தபோது அம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கை அந்தரத்தில் நின்றது.

"எத்தனை நாளைக்கு?"

"தற்காலிகமாத்தான். நிலைமை சரியாகிற வரைக்கும்."

"சாயந்தரம் வந்து கதவைத் திறந்தா அந்த நாற்காலில அவரு இருப்பாரு," என்றார் மெதுவாக. "இன்னிக்கு நடந்ததெல்லாம் அவருகிட்டதான் சொல்வேன். காலி நாற்காலிகிட்ட என்னத்தச் சொல்றது?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. தலைவர் இளகிய மனதுக்காரர். "மாசக் கடைசி வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆசைதீர வச்சுக்குங்க. அதுவரைக்கும் நாங்க யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டோம்," என்றார்.

தந்த வாக்கைக் காப்பாற்றினோம். அந்த நாட்கள் எங்களுக்கு எப்படிக் கழிந்தன என்பது எங்கள் தொண்டைக்குத்தான் தெரியும்.

மாசக் கடைசியில் மூடி போட்ட மூங்கில் கூடையோடு படியேறினோம். மேனேஜரின் கடைசி அளவுப்படி சிக்கனமாக முடையச் சொன்ன கூடை. கதவைத் திறந்தது தங்கை. "வாங்க வாங்க. எடுத்துட்டுப் போங்க," என்றாள் வெகு மரியாதையாக.

மேனேஜர் நாற்காலியை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழுத்து எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. தலைவர் தூக்கினார். தலை கூடைக்குள் போனது. உடம்பு போகவில்லை. திருப்பி, பின்பக்கத்தை முதலில் விட்டார். பின்பக்கம் உட்கார்ந்தது, மற்றதெல்லாம் வெளியே வழிந்தது. பொருளாளர் மூடியை வைத்து அமுக்கினார். செருப்புக்கடைக்காரருக்குக் கொள்ளாததைக் கொள்ள வைத்துப் பழக்கம். மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கி நாற்காலிக்குத் திரும்பியது.

"நாம சொன்ன ஆலோசனைதான்," என்றார் பல் டாக்டர் நெகிழ்ந்துபோய். "வேலை செய்யக் கொஞ்ச நாள் புடிச்சிருக்கு."

எங்கள் கண்கள் கலங்கின. அந்த நெகிழ்ச்சியோடு, வழக்கம்போல அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். அம்மாள் தலைகுனிந்தபடி டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். அடி தெரிய, கறுப்பாக இருந்தது டீ.

"பால்?" என்றார் தலைவர்.

அம்மாள் தலை நிமிர்ந்தார். "மேனேஜர் குடிச்சிட்டாரு சார்."

கறுப்பு டீயை யாரும் தொடவில்லை. படியிறங்கும்போதே தீர்மானம் நிறைவேறியது: 'ஒத்துழைப்பு போதாது.' அம்மாளையும் நீக்கினோம்.

ஆண்டுக்கூட்டத்தில் நான் அறிக்கை வாசித்தேன். முடிதிருத்துபவரின் ஒற்றைக் காதுப் பூனை, குடைக்கார அம்மாளின் மேனேஜர், இன்னும் நாங்கள் நீக்கிய அத்தனை பூனைகளும் தத்தம் வீட்டில் நலமாக இருக்கின்றன. திட்டத்தில் நீடிப்பவை எலும்பும் தோலுமாக இருக்கின்றன.

"அப்போ சங்கத்தையே கலைச்சிடலாமா?" என்றார் பொருளாளர். அவருக்குச் சில சமயம் இப்படி ஆகும் என்று முன்பே சொன்னேன்.

தலைவர் அதிர்ந்துபோனார். "கலைச்சிட்டா பூனைங்கள யாருய்யா பாத்துக்கறது?"

எல்லோரும் தலையசைத்தோம். கூட்டம் ஒரு புதுப் பயனாளியின் வீட்டில் நடந்தது. அப்போதுதான் டீ வந்தது. பால் தூக்கலாக இருந்தது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தோம். அந்த வீட்டுப் பூனை மட்டும் காலிக் கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.