விசிலடித்த செந்நாயும் வானத்துக்குத் துள்ளிய புள்ளிமானும்

ஒரு காட்டில், மூங்கில்துறை என்ற ஓடைக்கு மேற்கே, ஒரு கல்லூரி இருந்தது. கல்லூரி என்றால் கூடைப்பந்து அணி இருக்கும். மூங்கில்துறைக்கும் இருந்தது. பதினோரு வருஷமாக அது எந்தப் போட்டிக்குப் போனாலும் முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பியது.

அப்படிப்பட்ட அணிக்கும் ரசிகர்கள் இருந்தார்கள் என்பதுதான் அந்தக் காட்டின் அதிசயம். அவர்களில் தலையாய ரசிகன் வேதமுத்து என்ற செந்நாய். அதன் கூட்டம் இரை தேடி எதிர்மலைக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. "நீயும் வாடா" என்று கூப்பிட்டார்கள். "லீக் ஆரம்பிக்கப் போவுது, முடிஞ்சதும் வந்துடறேன்" என்று வேதமுத்து சொன்னது. ஒரு லீக் முடிந்தால் இன்னொரு லீக் வந்துவிடுகிறது. கேன்டீனில் முட்டை போண்டாவும் கிடைக்கிறது. அது போகவே இல்லை.

ரசிகர்களுக்குப் பிடித்த காலம் கோடை. கோடை லீக்கில்தான் கல்லூரிக்குப் புதிதாகச் சேர்ந்த ஆட்டக்காரர்களை இறக்கிப் பார்ப்பார்கள். கோப்பைக்கான சீசன் அதற்குப் பிறகுதான். கோடையில் தோற்றால் அது பயிற்சி. ஜெயித்தால் அது ஜெயம். இதைவிட நிம்மதியான விளையாட்டு உலகத்தில் வேறு இல்லை.

ஆனால் உள்ளே நுழைவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாசலில் வரிசையில் நின்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "தாங்கள் மாமிசம் உண்பவரா? ஆம் எனில், ஆட்டம் முடியும்வரை தங்களுக்குப் பசிக்காது என உறுதியளிக்கவும்" என்று அதில் ஒரு பத்தி. வேதமுத்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உறுதியளித்து, கால்ரேகை வைத்துவிட்டு, ஓடிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடும்.

பக்கத்து இடம் தாயம்மாள் என்ற முள்ளம்பன்றிக்கு. அதற்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"இந்த வருஷம் புதுசா மூணு பேருண்ணே," என்றது தாயம்மாள், முதல் ஆட்டத்தன்று. "அந்தக் காட்டுப்பன்றியப் பாருங்க. உடம்பு இருக்கு. கழுத்துதான் திரும்பல. பின்னால பந்து வந்தா, லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி முழுசாத் திரும்புது."

"மலையணில்?"

"கை நல்ல கை. ஆனா பந்து கெடைச்சா யாருக்கும் குடுக்கறதில்ல. மரத்துல கொண்டுபோய் ஒளிச்சு வச்சிடுது."

"அந்தப் புள்ளிமான் பையன்? காலு எப்படி?"

"நாலு இருக்கு."

"அத நானும் எண்ணிட்டேன் தாயம்மா. துள்ளு இருக்கான்னு கேக்கறேன்."

மானின் பெயர் இளம்பரிதி. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தாவரவியல் சேர்ந்திருந்தது. மான் என்றால் துள்ளும் என்று நினைத்துத்தான் இடம் கொடுத்தார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியும் அது துள்ளுகிற வழியைக் காணோம். பந்து தானாக வந்து அதன் முன்னங்கால்களில் மாட்டியது. மான் கூடைக்கு அடியில் நின்று, இதை என்ன செய்வது என்று யோசிப்பதுபோல் அசைபோட்டது.

வேதமுத்துவுக்குப் பாவமாக இருந்தது. பையன் புதுசு, ஒரு தட்டு தட்டிக்கொடுத்தால் சரியாகிவிடுவான் என்று தோன்றியது. அது எழுந்து நின்று விசிலடித்தது.

மற்ற ரசிகர்கள் விசிலடிக்க விரலை வாயில் வைக்க வேண்டும். செந்நாய்க்கு விரல் தேவையில்லை. அதற்குப் பிறவியிலேயே வரும். நீளமாக, மெல்லிசாக, எலும்புவரை போகிற விசில்.

அடுத்த கணம் மான் தரையில் இல்லை. அரங்கமே அண்ணாந்து பார்த்தது. இளம்பரிதி கூடை வளையத்துக்கும் மேலே, நான்கு காலையும் விரித்துக்கொண்டு, காற்றில் நின்றது. பந்து கூடைக்குள் விழுந்தது. மான் கம்பத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்து, மைதானத்தைத் தாண்டி, கேன்டீனைத் தாண்டி, நூலகத்தையும் தாண்டிப் போய்விட்டது. அதைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர இருபது நிமிஷம் ஆயிற்று.

"என்னா வேகம், என்னா வெறி!" என்று தாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, மான் போன உயரத்தைக் கம்பத்தில் குத்தி அடையாளம் வைத்து, அளந்தும் பார்த்தது. பன்னிரண்டரை அடி.

அன்று மாலைக்குள் அந்த வீடியோ காடு முழுக்கப் போயிற்று. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேதமுத்து தன் கருத்தைப் பதிந்தது: "இந்த மாதிரி ஒரு துள்ளலை என் ஆயுசில் பார்த்ததில்லை. துரத்திய காலத்திலும் பார்த்ததில்லை. இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்." நூற்று நாற்பது கைதட்டல் விழுந்தது. கைகளே இல்லாத மலைப்பாம்பும் ஒன்று போட்டிருந்தது.

அடுத்த மூன்று ஆட்டத்திலும் அதே கதை. வேதமுத்து விசிலடிக்கும், மான் மேலே போகும், பந்து கூடையில் விழும், மானைத் தேடிக்கொண்டு ஆள் போகும். கோச் துரைப்பாண்டி என்ற காட்டெருது, தன் பயிற்சிமுறைதான் காரணம் என்று பேட்டி கொடுத்தது.

ஐந்தாவது ஆட்டத்தன்று குச்சி ஐஸ் தின்று வேதமுத்துவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. விசில் வரவில்லை. மானும் துள்ளவில்லை. பந்து வந்தபோது ஒதுங்கி வழிவிட்டது. மீதி நேரம் கோட்டோரம் முளைத்திருந்த புல்லை மேய்ந்தது. "பெரிய ஆட்டக்காரனுக்கு இப்படி ஒரு நாள் வரத்தான் செய்யும்" என்று தாயம்மாள் சமாதானம் சொன்னது.

வேதமுத்துவுக்குச் சமாதானம் ஆகவில்லை. 'என் விசில் இல்லாம பையன் தவிச்சுப் போயிட்டான். நேர்ல போய் நாலு வார்த்தை சொல்லிட்டு வரணும்' என்று நினைத்துக்கொண்டது. மறுநாள் காலை தொண்டை சரியானதும், மான்களுக்குப் பிடிக்குமே என்று ஒரு கூடை நெல்லிக்காய் பறித்துக்கொண்டு விடுதிக்குப் போயிற்று.

இளம்பரிதி அறையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தது. இளைத்துப்போய், விலா எலும்பெல்லாம் தெரிந்தது. வேதமுத்து வாசலில் நின்று தொண்டையைச் செருமியதுதான் தாமதம், எழுதுகோல் கீழே விழுந்தது, மான் ஜன்னல் வழியாக வெளியேறியது, விடுதிக் கூரைமேல் ஓடு உடையும் சத்தம் கேட்டது.

"ஆகா! ஓடி வர எடம்கூட இல்லாம கூரைக்குப் போயிட்டானே!" என்று வேதமுத்து வியந்தது. பிறகு மேசையிலிருந்த தாளைப் பார்த்தது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம். கல்லூரியை விட்டு விலகக் காரணம் என்ற இடத்தில், 'உயிர்' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது.

வேதமுத்து வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தது.

"தம்பி, எறங்கி வாப்பா. நெல்லிக்காய் கொண்டாந்திருக்கேன்."

"நீங்க அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட போய் நில்லுங்கய்யா. இங்கேருந்தே பேசறேன்."

வேதமுத்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. "என்னப்பா இது? காலேஜை விட்டுப் போறியாமே? உன் துள்ளலை நம்பித்தானே நாங்க எல்லாம் இருக்கோம்."

"நான் துள்ளலைய்யா. பயந்தேன்."

"என்னது?"

"அந்த விசில் காதுல விழுந்தா, கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு ஒசரத் தாவிடணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அப்ப அந்தப் பந்து?"

"போட்டுட்டேன். கீழ கூடை இருந்துச்சு."

மான் கூரையிலிருந்து தொடர்ந்து பேசியது.

"எங்கப்பா பத்தடி தாண்டுவாருய்யா. எதிர்மலையில ஒரு நாள் இதே விசில் கேட்டுச்சு. பத்தடி பத்தல."

எதிர்மலை என்றதும் வேதமுத்து இன்னும் ஓரடி பின்னால் தள்ளி நின்றது. அந்த விசிலை அடித்தது யாராக இருக்கும் என்று அதற்குத் தெரியும். அண்ணனாக இருக்கும், இல்லாவிட்டால் சித்தப்பாவாக இருக்கும். பதினோரு வருஷம் தான் ஆசை ஆசையாக அடித்த விசில், கேட்பவர் காதில் என்னவாக விழும் என்று அது ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

இருந்தாலும் ரசிகன் ரசிகன்தான். 'சீசன் முடியறவரைக்கும் மட்டும் பயந்துக்கோயேன் தம்பி' என்று ஒரு வாக்கியம் நுனிநாக்குவரை வந்துவிட்டது. இன்னும் பத்தே விசில், கோப்பை. வேதமுத்து அந்த வாக்கியத்தை முட்டை போண்டாபோல முழுசாக விழுங்கியது.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடு," என்றது. "நீ இருந்து படி. நான் இனிமே விசிலடிக்கமாட்டேன்."

நெல்லிக்காயை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

அப்புறம் நடந்ததை அதுவே எதிர்பார்க்கவில்லை. காய் தீர்ந்திருக்குமே என்று இரண்டு நாள் கழித்துப் போனபோது, மான் கூரையிலிருந்து மதில்சுவருக்கு இறங்கியிருந்தது. அடுத்த வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து பேசியது. அதற்கடுத்த வாரம் இரண்டும் கேன்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. இளம்பரிதிக்குப் பாடத்துக்கு இலைகள் ஒட்டிய நோட்டு ஒன்று தயாரிக்க வேண்டியிருந்தது. மான் தொடப் பயப்படுகிற புதர்களுக்குள்ளெல்லாம் வேதமுத்து புகுந்து இலை பறித்துவந்து கொடுத்தது.

"இது என்ன செடிய்யா?"

"தெரியல. கடிச்சா வாய் கோணிக்குது."

"எருக்கு," என்று மான் சிரித்தபடி எழுதிக்கொண்டது.

மானுக்குச் சதை போட்டது. தூக்கம் வந்தது. துள்ளல் மட்டும் போயே போய்விட்டது. கோடை லீக்கின் கடைசி ஆட்டங்களில் அது தரையைவிட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

"சீசனுக்குச் சேமிச்சு வைக்கிறான்ணே," என்றது தாயம்மாள். குழுவிலும் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். வேதமுத்து எதுவும் எழுதவில்லை. முதல் வரிசையில், இரண்டு கடைவாயையும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சீசனின் முதல் ஆட்டம் வந்தது. எதிரே அத்திமலைக் கல்லூரி. அவர்கள் அணியிலும் இரண்டு புள்ளிமான்கள் இருந்தன, அக்கா, தங்கை. ஆனால் அன்று இரு பக்கமும் யாரும் பெரிதாக ஆடிவிடவில்லை. கடைசி நிமிஷத்தில் அத்திமலை ஒரே ஒரு புள்ளி முன்னால் நின்றது.

அப்போது பந்து இளம்பரிதியிடம் வந்தது. வழக்கம்போல ஒதுங்கப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மான் கூடையைப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டது. பிறகு, யாரும் துரத்தாமல், எந்தச் சத்தமும் கேட்காமல், தானாகத் துள்ளியது. அரையடிதான். எறிந்த பந்து வளையத்தின்மேல் இரண்டு சுற்று உருண்டு, மனசு மாறியதுபோல் உள்ளே விழுந்தது. மூங்கில்துறை ஒரு புள்ளி முந்திவிட்டது!

எட்டு விநாடி பாக்கி. அத்திமலைக்காரர்கள் பந்தைத் தூக்கி மறுமுனைக்கு எறிந்தார்கள். அங்கே கூடைக்கடியில் அக்கா மான் அதைப் பிடித்தது. காட்டுப்பன்றியும் மலையணிலும் அதை மறித்து நின்றன. அவற்றைத் தாண்டி எறிய வழியே இல்லை.

வேதமுத்து இதையெல்லாம் பார்க்கவே இல்லை. அதன் கண் இளம்பரிதியின் மேலேயே இருந்தது. மான் முதல் வரிசையில் வேதமுத்துவைத் தேடிக் கண்டுபிடித்து, 'பார்த்தீங்களா?' என்பதுபோல் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

வேதமுத்துவின் நெஞ்சில் ஐந்து வாரமாக அடைத்துக்கிடந்தது அத்தனையும் பீறிட்டு வெளியே வந்தது. அப்படி ஒரு விசிலை அது வாழ்நாளில் அடித்ததில்லை.

இளம்பரிதி சந்தோஷமாகக் காலை ஆட்டியது.

மறுமுனையில் அக்காவும் தங்கையும் ஒன்றாக வானத்துக்குப் போயின. பந்தைப் போட்டுவிட்டுத்தான் போயின. கீழே கூடை இருந்தது.

ஒரு புள்ளியில் அத்திமலை ஜெயித்தது. பரிசு வாங்க அக்காவும் தங்கையும் வரவில்லை. அவை அத்திமலையை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தன.

அரங்கம் மெதுவாகத் திரும்பி வேதமுத்துவைப் பார்த்தது. தாயம்மாளின் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

"அண்ணே, கோடையிலயும் இந்த விசிலத்தான் அடிச்சீங்களா?"

"ஆமா."

"அப்ப நம்ம பையன் துள்ளினது இதுக்குத்தானா? இன்னிக்கு ஏன் துள்ளல?"

"இப்ப அவனுக்கு என்னைத் தெரியும் தாயம்மா."

தாயம்மாளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "பதினோரு வருஷம் காத்திருந்து ஒருத்தன் கெடைச்சான். உங்கள யாரு அவன்கிட்டப் போய்ப் பழகச் சொன்னது?"

வேதமுத்து தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தது. பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது.

"ஐயா! நானாத் துள்ளினேன், பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி. அரையடி."

"முக்காலடி இருக்கும்ய்யா."

வேதமுத்து அதன் முகத்தைப் பார்த்தது. "முக்காலடிதான்," என்றது. இரண்டும் கேன்டீன் பக்கம் நடந்தன.

அரங்கத்துக்குள் ரசிகர் கூட்டம் இன்னும் கலையவில்லை. அடுத்த கோடைக்கு ஒரு தேவாங்கு சேரப்போவதாகச் செய்தி வந்திருந்தது. போட்டோவும் வந்திருந்தது.

"ஆளு கொஞ்சம் நிதானம்தான்," என்று தாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது. "ஆனா அந்தக் கண்ணப் பாருங்க! மைதானம் முழுக்கத் தெரியும். கோப்பை நமக்குத்தான்."

நீதி: பயந்தவன் கோப்பையை வாங்கித் தருவான், பயம் தெளிந்தவன் நண்பனாவான். ஆனால் நண்பனைக் கண்ணாடி அலமாரியில் வைத்து யாருக்கும் காட்ட முடியாது.