கட்டி ஏறுது, கட்டி இறங்குது

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடிக்கூடத்துக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லார் கழுத்திலும் ஒரு கட்டி. மேலே இருந்தவர் கட்டிச்சாமி. அவர் சொன்னால் கட்டி ஏறும், இறங்கும். பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்க்காதவர்கள் இன்னும் விவரமாகச் சொன்னார்கள்.

வரிசையில் காலர்க்காரியும் நின்றாள். சட்டைத் தொழிற்கூடத்தில் காலர் தைப்பவள். ஊரார் கழுத்துக்கெல்லாம் பொத்தான் வைத்தவளுக்குத் தன் கழுத்துப் பொத்தானைப் போட முடியவில்லை. குரல்வளைக்குக் கீழே அப்படி ஒரு வீக்கம். ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துச் சோதிக்கத் தேதி கொடுத்திருந்தார்கள்.

"ஊசி பட்டா கட்டி கோவிச்சுக்கும்" என்றார் சாமி. கட்டியின் மனம் நோகக் கூடாதே என்று இரண்டு தேதிகளைத் தவறவிட்டாள்.

வைத்தியம் இதுதான். சாமி முணுமுணுப்பார். குப்பித் தண்ணீரை வாயில் ஊற்றுவார். "முழுங்கு." கட்டி மேலே ஏறி இறங்கும்.

"பாத்தீங்களா, கிளம்பப் பாக்குது."

பதினோரு வாரமாகக் கிளம்பப் பார்த்தது. விடைபெற்ற விருந்தாளி வாசலிலேயே நின்று பேசுவதுபோல.

வரிசையில் வந்த ஒரு வாட்ச்மேனுக்குத் தாடைக்கடியில் கட்டி. அது அசையவே இல்லை. "உனக்கு நம்பிக்கை பத்தல" என்று இரண்டு குப்பியாக விற்றார் சாமி.

காலர்க்காரியின் நாத்தனார் அதே தொழிற்கூடத்தில் இஸ்திரி போடுபவள். ஒருநாள் தேநீர் இடைவேளையில், டீக்கடையில் அண்ணியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு மாடிக்கு வந்தாள்.

"சாமி, இது குழாய்த் தண்ணி. நீங்க கொஞ்சம் வாயத் திறக்காம இருங்க. அண்ணி, குடிங்க."

"எதுக்குடி வம்பு?"

"குடிங்களேன்."

குடித்தாள். கட்டி ஏறியது, இறங்கியது.

"என் மந்திரம் இந்தக் கூடம் பூரா நிறைஞ்சிருக்கு" என்றார் சாமி.

"டீக்கடையிலயும் ஏறிச்சே சாமி. அங்கயும் போய் நிறைச்சிட்டு வந்தீங்களா?"

சாமி எச்சில் விழுங்கினார். அவருடைய குரல்வளை ஏறி இறங்கியது.

"சாமிக்கும் கிளம்பப் பாக்குதுப்பா" என்றார் வாட்ச்மேன். கூடம் சிரித்தது. பிறகு அவருக்குக் கவலை வந்தது. "அப்ப எனக்கு ஏன்மா ஏறல?"

"எனக்குத் தெரியாதுண்ணே. அவருக்கும் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட போவோம்."

ஆஸ்பத்திரியிலும் காலர்க்காரியைத் தண்ணீர்தான் விழுங்கச் சொன்னார் டாக்டர். மந்திரம் மட்டும் இல்லை.

"இது தைராய்டு சுரப்பிம்மா. முழுங்கினா குரல்வளையோட சேர்ந்து ஏறும், அவ்வளவுதான். கழுத்துல கட்டி வர நூறு காரணம் இருக்கு. சிலது தானா வத்தும், சிலது காத்திருக்காது. எதுன்னு சோதிச்சாதான் தெரியும்."

ஊசி வைத்துச் சோதித்தார்கள். கட்டி கோபித்துக்கொள்ளவில்லை. ஆபத்தில்லாத வகை என்று முடிவு வந்தபோது பதினோரு வாரத்தையும் அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வாட்ச்மேனுக்குச் சொத்தைப் பல். பல்லைப் பிடுங்க, சில வாரத்தில் கட்டி வற்றியது, நம்பிக்கை பத்தாமலே.

கட்டிச்சாமி இப்போது நான்கு தெரு தள்ளி முட்டிச்சாமியாக இருக்கிறாராம். அங்கேயும் வரிசையாம். போகிறவர்கள் போகலாம். ஆனால் கழுத்துக்கு மேலே ஒரு தலை இருக்கிறது. அது ஆட்டுவதற்கு மட்டும் அல்ல.